மறதிக் கரடியின் வலது கை

போன வாரம் கரடியை அந்தரத்தில் நிறுத்திவிட்டுப் போய்விட்டோம். பாவம், அது பாட்டுக்குத் தலையைத் தட்டிக்கொண்டு நின்றிருக்கும்.

இந்த வாரம்தான் முதல்முறையாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கதையில் பென்சில் என்றால் எழுதுகிற பென்சில் இல்லை; ஒரு வீட்டின் மூத்த மருமகள். கல்யாணமான புதிதில் காதில் பென்சில் செருகியிருப்பதை மறந்துவிட்டு அப்படியே ஒரு விருந்துக்குப் போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவளுடைய கொழுந்தன் வைத்த பேர் அது. வீட்டில் ஆரம்பித்து ஆபீஸ் வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது.

ஆபீஸ் என்றால் கார்ட்டூன் படம் தயாரிக்கும் ஸ்டூடியோ. ஒரு கரடி எப்படி நடக்கும், எப்படிக் கோபப்படும், வெட்கம் வந்தால் கையை எங்கே கொண்டு வைக்கும் என்பதையெல்லாம் முதலில் வரைந்து கொடுப்பது பென்சில். இடையில் வரவேண்டிய படங்களை மற்றவர்கள் நிரப்புவார்கள்.

பேர் வைத்த கொழுந்தன் இப்போது வீட்டில் இல்லை. மூன்று வருஷமாக இல்லை. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு கடல் தாண்டிப் போனவன், எந்த நாட்டில் இருக்கிறான் என்றுகூட யாருக்கும் தெரியாது. அந்தச் சண்டையைப் படித்துவிட்டு அப்பா பக்கம் பாதிப் பேரும் பிள்ளை பக்கம் பாதிப் பேருமாக எனக்குக் கடிதம் எழுதினீர்கள். நான் எந்தப் பக்கமும் இல்லை. எனக்குக் கதை நடந்தால் போதும்.

சரி, கரடிக்கு வருவோம்.

காலையில் பென்சில் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. முதலாளியம்மாவின் அறையிலிருந்து குரல் வந்தது.

"பென்சில், உள்ள வா. கதவ மூடிட்டு வா."

கதவை மூடச் சொன்னால் திட்டு, திறந்தே வைக்கச் சொன்னால் பாராட்டு என்பது அந்த ஸ்டூடியோவின் எழுதாத சட்டம். பென்சில் மூடிவிட்டு வந்து நின்றாள்.

"பக்கத்து நாட்டு சேனல்காரங்க மெயில் போட்டிருக்காங்க. கரடி தலையத் தட்டுதே, அத எடுக்கணுமாம்."

பென்சிலுக்கு யாரோ தன் தலையிலேயே தட்டியது போல் இருந்தது.

அந்தக் கரடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேர் மறதிக் கரடி. தொலைந்த பொருள்களைப் பத்திரப்படுத்தும் அலுவலகத்தில் அதற்கு வேலை. குடை, ஒற்றைச் செருப்பு, பல்செட் எல்லாம் அதன் பொறுப்பில் இருக்கும். எதை எங்கே வைத்தோம் என்பது மட்டும் அதற்கு ஞாபகம் இருக்காது. மறந்துபோனபோதெல்லாம் இரண்டு விரலை மடக்கி உச்சந்தலையில் டொக் டொக் என்று தட்டும். தட்டிவிட்டு, உள்ளேயிருந்து யாரோ வந்து கதவைத் திறக்கப் போகிறார்கள் என்பது போல மேலே பார்த்துக்கொண்டு காத்திருக்கும். கரடியின் கதையை விட அந்தத் தட்டலுக்குத்தான் ரசிகர்கள் அதிகம்.

"அதுல என்ன மேடம் தப்பு?" என்றாள் பென்சில்.

"நமக்கு ஒண்ணும் இல்ல. அவங்க ஊர்ல பெரியவங்க முன்னால நின்னு தலையத் தட்டினா, 'உனக்கு மண்டையில ஒண்ணும் இல்ல'ன்னு அவங்களையே சொல்ற மாதிரியாம். பசங்க வாத்தியார் முன்னால தட்டுறாங்களாம். தாத்தா முன்னால தட்டுறாங்களாம். பெத்தவங்க கூட்டமா சேர்ந்து புகார் கொடுத்திருக்காங்க."

"குழந்தைங்க கார்ட்டூனுக்குப் போயா இவ்வளவு?"

முதலாளியம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் ஒரு காலத்தில் டிக்கெட் கிழித்துக்கொடுத்துச் சினிமாக் கொட்டகை நடத்திய குடும்பத்துப் பெண். பேசத் தொடங்கினால் இடைவேளை விட மாட்டார்.

"இதான் நம்ம ஊர்ல எல்லாரும் பண்ற தப்பு. கார்ட்டூன்னா குழந்தைக்குன்னு நினைச்சுக்கறோம். ஆசியாவுல பாதி நாட்டுல ஆபீஸ் போற ஆம்பளைங்க ரயில்ல உக்காந்து பாக்குறாங்க. கல்யாண வயசுப் பொண்ணுங்க பாக்குறாங்க. ஒரு ஊர்ல நம்ம கரடி படத்தத் தீயணைப்பு வண்டியில ஒட்டியிருக்கான். எட்டு மொழியில பேசுது. எட்டு ஊர்லயும் போய்க் கேளு, கரடி எங்க ஊருன்னு சொல்லுவான். சொந்த ஊருக்காரன் மரியாதை இல்லாம நடந்தா சும்மா இருப்பானா?"

அது உண்மைதான். வெளியூர்க் கரடி என்றால் விருந்தாளி, செய்ததையெல்லாம் பொறுத்துக்கொள்வார்கள். வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டால் காதைத் திருகத்தானே செய்வார்கள்?

பென்சிலுக்குப் பழசெல்லாம் நினைவுக்கு வந்தது. மறதிக் கரடிக்கு முன்னால் அந்த ஸ்டூடியோவில் ஒன்றுகூடச் சொந்தப் படம் கிடையாது. எங்கெங்கோ உள்ள கம்பெனிகள் அனுப்பும் படங்களுக்குக் கூலி வேலை. பென்சில் வருஷக்கணக்கில் வாய் மட்டும் வரைந்தாள். யாரோ ஒரு நாட்டு அம்மா யாரோ ஒரு நாட்டுப் பிள்ளையைத் திட்டுவாள். என்ன திட்டுகிறாள் என்பது பென்சிலுக்குத் தெரியாது, வாய் மட்டும் சரியாகத் திறந்து மூட வேண்டும். அப்படி ஊரான் வாயை வரைந்து வரைந்து அலுத்தவளுக்கு, முதல்முறையாகச் சொந்தமாக ஒரு கை கிடைத்தது. அதைத்தான் இப்போது வெட்டச் சொல்கிறார்கள்.

"எடுக்கலன்னா?"

"அடுத்த சீசனை வாங்க மாட்டாங்க. அவங்க வாங்கலன்னா மத்தவங்களும் யோசிப்பாங்க. சாயங்காலத்துக்குள்ள பதில் கேக்குறாங்க. இன்னொண்ணும் கேட்டிருக்காங்க. 'இந்தப் பழக்கம் உங்க ஊர்ல எங்கேருந்து வந்தது, என்ன அர்த்தம்?'னு. எங்கேருந்து புடிச்ச இத?"

"தெரியல மேடம். தானா வந்துச்சு."

"தானா வர்றதுக்கு இது என்ன கொட்டாவியா?"

பென்சில் விழித்தாள். எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. ஒரு நாள் மேஜையில் உட்கார்ந்து, மறதி வந்த கரடி என்ன செய்யும் என்று யோசித்தபோது கை தானாகத் தலைக்குப் போனது. அவ்வளவுதான் அவளுக்கு ஞாபகம்.

"சரி போ. அதுக்குப் பதிலா வேற ஒண்ணு வரைஞ்சு கொண்டா. பசங்க தட்டுற வீடியோ ரெண்டு மூணு அனுப்பியிருக்காங்க, உன் போனுக்குத் தள்ளி விடறேன். பாத்துக்கோ."

பென்சில் தன் மேஜைக்கு வந்தாள். அவள் மேஜை மேல் மட்டுமில்லை, அந்தக் கூடத்தில் எல்லோர் மேஜையிலும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கும். அழகு பார்க்க இல்லை. கரடி முகம் சுளித்தால் எப்படி இருக்கும் என்று தானே சுளித்துப் பார்த்து வரைவதற்கு. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் நாள் அந்தக் கூடத்தைப் பார்த்தால் பயந்துபோவார்கள். ஒருத்தர் பல்லைக் காட்டுவார், ஒருத்தி அழுவாள், மூலையில் ஒருத்தர் கோழி போலக் கழுத்தை வெட்டி வெட்டி ஆட்டுவார்.

பென்சில் கண்ணாடி முன்னால் நாக்கைக் கடித்துப் பார்த்தாள். அது மறதி இல்லை, உளறல். தாடையைச் சொறிந்து பார்த்தாள். கரடிக்குப் பேன் வந்தது போல் இருந்தது. விரலைச் சொடுக்கிப் பார்த்தாள். அது ஞாபகம் வந்தவன் செய்வது.

பக்கத்து மேஜையில் மரங்களும் வீடுகளும் வரைகிற மீசைக்காரர், "என்ன பென்சில், வேப்பிலை அடிக்கணுமா?" என்றார்.

"கரடிக்குப் புதுசா ஒரு பழக்கம் வேணும் அண்ணா."

"பழக்கம் என்ன கடையிலயா விக்குது? யாராவது ஒருத்தர்கிட்டேருந்து தொத்திக்கணும். நான் வரையற மரமெல்லாம் எங்க தெருமுனை மரம்தான். எவனுக்குத் தெரியும்?"

அவர் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பென்சிலுக்கு அந்த வார்த்தை மட்டும் போகவில்லை. யாரிடமிருந்து தொற்றியது? அம்மாவா? அம்மாவுக்கு மறதியே கிடையாது. பத்து வருஷத்துக்கு முன்னால் உடைத்த டம்ளரைக்கூட நேற்றுச் சொல்லிக் காட்டினார். கணவனா? அவன் மறந்தால் தட்டிப் பார்க்க மாட்டான், அடுத்தவர்மேல் பழியைப் போடுவான். பள்ளிக்கூட டீச்சர்களை ஒவ்வொருவராக வரிசையில் நிறுத்திப் பார்த்தாள். யாரும் தட்டவில்லை.

இந்த யோசனையிலேயே பொழுது சாயத் தொடங்கியது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். அதன் மேலேயே உட்கார்ந்தாள். படக்கென்று காதில் மாட்டுகிற காம்பு ஒன்று ஒடிந்தது.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வீட்டு மருமகளுக்கு இது பெரிய விஷயமில்லை. கடை இரண்டு தெரு தள்ளித்தான். ஒடிந்த காம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, உலகமெல்லாம் மங்கலாகத் தெரிய, ரோட்டைக் கடந்து போனாள்.

கடையில் அவள் கணவன் மட்டும் இருந்தான். சோதனை நாற்காலியில் ஒரு அம்மா கனமான சோதனைப் பிரேமை மாட்டிக்கொண்டு, சுவரில் எழுத்துப் பலகையைப் பார்த்தபடி காத்திருந்தார்.

"என்னங்க, மாமா எங்க?"

"வீட்டுக்குப் போயிட்டாரு. இவங்களுக்குப் பாதி டெஸ்ட்ல விட்டுட்டு ஓடிட்டாரு." கணவன் குரலைத் தணித்தான். "தினம் இதே கதைதான். சாயங்காலம் ஆச்சுன்னா கால்ல சக்கரம் கட்டிக்கறாரு. கேட்டா காபி குடிக்கப் போறேங்கறாரு. கடையில பிளாஸ்க் நிறைய காபி இருக்கு."

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷம் இருக்கும். நீ அந்த நேரத்துல வீட்டுல இருக்கறதில்ல, உனக்குத் தெரியாது." ஒடிந்த காம்பைத் திருப்பிப் பார்த்தான். "இதுல உக்காந்தியா?"

"நாற்காலிதான் உக்காந்துச்சு."

"இதச் சரி பண்ண நேரம் ஆகும். வீட்டுல உன் பழைய கண்ணாடி இருக்கும், எடுத்துப் போட்டுக்கோ." ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தான். "ஏன் ஒரு மாதிரி இருக்க?"

"கரடி தலையத் தட்டுறத எடுக்கச் சொல்றாங்க."

"தட்டுதா?"

பெண்டாட்டி வரைந்த கரடி எட்டு நாட்டில் தட்டுகிறது, கட்டினவனுக்குத் தெரியவில்லை. முதல் நாள் பார்க்க உட்கார்ந்தான், தலைப்பு முடிவதற்குள் தூங்கினான், அதோடு சரி. விளக்குக்கு அடியில்தான் இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

பென்சில் வீட்டுக்கு நடந்தாள். மாமனார் ஒரு வருஷமாகச் சாயங்காலம் எங்கே ஓடுகிறார் என்பது அவளுக்குக் கரடியை விடப் பெரிய புதிராகிவிட்டது. மனுஷன் காலத்துக்கும் கடையே கதி என்று கிடந்தவர். ஜுரத்தில் விழுந்தபோதுகூடக் கம்பளியோடு கல்லாவில் உட்கார்ந்தவர். அந்தக் கடைக்காகத்தானே பெற்ற பிள்ளையையே விரட்டினார்?

விரட்டிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடைக்கு ஒரு மாப்பிள்ளைப் பையன் வருவான். கண்ணாடி இல்லாவிட்டால் கதவுக்கும் ஜன்னலுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் பெண் பார்க்கப் போகும்போது கழற்றிவிட்டுப் போனான். ஒரு நாள் அந்தப் பெண்ணே கறுப்புக்கண்ணாடி வாங்கக் கடைக்கு வந்தாள். பேச்சோடு பேச்சாகச் சின்னவன், அதுதான் பென்சிலின் கொழுந்தன், உண்மையைச் சொல்லிவிட்டான். கல்யாணம் நின்றது. கடைக்கு வந்தவரின் கண்ணாடிப் பவரை வெளியே சொல்வதும் டாக்டர் நோயாளியின் ரகசியத்தை விற்பதும் ஒன்றுதான் என்று கத்தினார் அப்பா. ஒரு பெண்ணை ஏமாற்றுவதற்குக் கடை உடந்தையா என்று கத்தினான் பிள்ளை. கடைசியில் அப்பா சொன்னார்: "இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்." மறுநாளே சின்னவன் போய்விட்டான். அந்த வீட்டில் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கிற வழக்கம் அப்பாவுக்கும் இல்லை, பிள்ளைக்கும் இல்லை.

வாசல் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. பென்சில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே போனாள். ஒளிந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை.

மாமனார் நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தூரத்துக்குப் போடும் கண்ணாடியை மாட்டியிருந்தார். அவர் மடியில் காபி டம்ளர் ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது. திரையில் மறதிக் கரடி ஒரு குடையைத் தேடிக்கொண்டிருந்தது.

பென்சில் வாயைப் பொத்திக்கொண்டாள். இவரா? "பொம்மைக்கெல்லாம் சம்பளம் கொடுக்கறான் பாரு" என்று முதல் நாள் சொன்ன இந்த மனுஷனா?

கரடி மேஜைக்கு அடியில் பார்த்தது. அலமாரிக்கு மேல் பார்த்தது. நடு அறையில் நின்றது. இரண்டு விரலை மடக்கியது. டொக் டொக்.

"இடது," என்றார் மாமனார் டிவியைப் பார்த்து. "இடது கைடா."

பென்சில் தன்னையறியாமல், "என்ன மாமா?" என்றுவிட்டாள்.

மாமனார் திடுக்கிட்டு எழுந்தார். காபி வேட்டியில் கொட்டியது. ரிமோட்டைத் தேடினார், கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பையன் போல டிவிக்கு முன்னால் வந்து மறைத்துக்கொண்டு நின்றார்.

"நீ எங்கம்மா இந்த நேரத்துல?"

"கண்ணாடி ஒடஞ்சுடுச்சு மாமா. நீங்க என்ன பாக்குறீங்க?"

"நியூஸ்."

அவர் தோளுக்குப் பின்னால் நியூஸ் தலையைத் தட்டிக்கொண்டிருந்தது.

பென்சில் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய நேரமா இல்லையா என்று அவளுக்குப் புரியவில்லை. அவருடைய ஈர வேட்டியைத் துடைக்க ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

"இடது கைன்னீங்களே, அது என்ன?"

"ஒண்ணுமில்ல. வரையறவங்க கைய மாத்திட்டாங்கன்னு சொன்னேன்."

"வரையறது நான்தான் மாமா."

"தெரியும். நீதான் மாத்திட்ட." இப்போது அவர் குரலில் கடைக்காரர் வந்துவிட்டார். "கண்ணாடியப் பாத்துத்தானே வரைவீங்க? கண்ணாடிக்குள்ள இடது வலதா மாறித்தான் தெரியும். நீ அத அப்படியே காகிதத்துல எறக்கியிருக்க. கரடி வலது கையால தட்டுது. அவன் எப்ப வலது கையால தட்டினான்? இடக்கைக்காரன்மா அவன்."

பென்சில் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள்.

அன்றைக்கு மேஜையில் அவள் வலது கையில் பென்சில் இருந்தது. காலியாக இருந்த இடது கைதான் தலைக்குப் போனது. கண்ணாடியில் தெரிந்தபடி வரைந்தாள், கரடிக்கு அது வலது கையாகிவிட்டது. கண்ணாடி பார்த்து வரைகிற எல்லோருக்கும் உள்ள தொழில் வியாதி அது. கையை மறுபடி இடதாக மாற்றிப் பார்த்தால், அங்கே கடைக் கவுண்டருக்குப் பின்னால் யாருடைய பிரேமையோ எங்கேயோ வைத்துவிட்டு, இடது கை இரண்டு விரலை மடக்கி உச்சந்தலையில் தட்டி, மேலே பார்த்துக்கொண்டு நிற்பவன் யார்?

"ஐயோ மாமா," என்றாள். "சின்னவர்."

"அவன்தான். நடையும் அவன்தான். தோளக் குலுக்கறதும் அவன்தான். தப்பு பண்ணிட்டு ஒரு காலால இன்னொரு காலச் சொறியும் பாரு, அதுவும்." மாமனார் துண்டை மடித்து மடித்து வைத்தார். "எப்படிம்மா இவ்வளவும் ஞாபகம் வெச்சிருந்த? நான் பெத்தவன், எனக்கே பாதி மறந்துபோயிருந்துச்சு."

"நான் ஞாபகம் வெச்சு வரையல மாமா. சத்தியமா எனக்கே தெரியாது."

பேர் வைத்துவிட்டுப் போனவன், அவள் கைக்குள் இத்தனை நாள் குடியிருந்திருக்கிறான். வாடகை இல்லாமல், சொல்லாமல் கொள்ளாமல்.

"சத்தத்த ஏன் மாமா நிறுத்தியிருக்கீங்க?"

"குரல் வேற யாருதோ. கேட்டா கெட்டுப்போயிடுது."

கொஞ்ச நேரம் இருவரும் திரையைப் பார்த்தார்கள். கரடி குடையைக் கண்டுபிடித்துவிட்டது. அதன் முதுகிலேயே மாட்டியிருந்தது. பென்சிலுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவர் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னீங்களே மாமா?"

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சொன்னேன். சொன்னது சொன்னதுதான். இது கரடி மூஞ்சி. கையப் பாக்கக்கூடாதுன்னு நான் சொல்லலையே?"

பென்சிலுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் எது முதலில் என்று முடிவாகாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஒரு வருஷமாக இந்த மனுஷன் கடையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தது பிள்ளையைப் பார்க்க. வாக்கும் தவறாமல், பிள்ளையும் விட்டுப்போகாமல், நடுவில் ஒரு கரடியை உட்கார வைத்திருக்கிறார். இந்தச் சாயங்காலம் அதையும் அவள் தன் கையால்தான் பிடுங்க வேண்டும்.

மறைத்துப் பிரயோஜனம் இல்லை. சொல்லிவிட்டாள். பக்கத்து நாடு, பெற்றவர்கள் புகார், சேனல், சாயங்காலக் கெடு எல்லாவற்றையும் சொன்னாள்.

மாமனார் கேட்டுவிட்டுக் காலி டம்ளரை ஓரமாக வைத்தார்.

"மாத்திக் கொடுத்துடு," என்றார்.

"மாமா!"

"வாங்கறவன் கேக்குறான். போட்டுப் பாத்துட்டுக் கண்ணு வலிக்குதுன்னு வந்தா, நாம கண்ணாடிய மாத்தித் தர்றதில்லையா? உன் கண்ணுதான் தப்புன்னு சண்டையா போடறோம்? வியாபாரம்னா அப்படித்தான். என்னால உன் வேலைக்குக் கெடுதல் வரக்கூடாது."

சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தார். கரடி பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தது.

"எப்பலேர்ந்து மாத்துவீங்க?"

"அடுத்த சீசன்லேர்ந்து மாமா."

"அப்ப இது இன்னும் கொஞ்ச நாள் ஓடும்."

"ஓடும்."

"முடிஞ்சாலும், பழசையே திருப்பித் திருப்பிப் போடுவாங்க இல்லம்மா? நியூஸ்ல போடற மாதிரி?"

அந்தக் கேள்வியை அவர் கேட்ட விதத்துக்கு, ஸ்டூடியோவையே எழுதிக் கொடுத்துவிடலாம் போலிருந்தது. எதையாவது சொல்லி அவரைத் தேற்ற வேண்டும் என்று போனை எடுத்தாள்.

"இங்க பாருங்க மாமா. சேனல்காரங்க அனுப்பின வீடியோ. அங்க பசங்க எல்லாம் எப்படித் தட்டுறாங்க பாருங்க. புகார்தான் கொடுத்திருக்காங்க, ஆனா சின்னவரோட கை எவ்வளவு தூரம் போயிருக்கு!"

அவர் தூரக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் வீடியோவில் ஒரு வகுப்பறை. வாத்தியார் கேள்வி கேட்க, பிள்ளைகள் எழுந்து டொக் டொக் என்று தட்டுகிறார்கள். மாமனாரின் உதடு லேசாக விரிந்தது. இரண்டாவதில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேஜை. ஒரு வாண்டு தட்டிவிட்டு மேலே பார்க்கிறது. அம்மா கையைப் பிடித்து இறக்குகிறாள். மூன்றாவதில் ஒரு பள்ளிக்கூட வாசல். ஏழெட்டுப் பிள்ளைகள் கூட்டமாக நின்று ஒரே நேரத்தில் தட்டுகிறார்கள்.

"நிறுத்து," என்றார் மாமனார். "மறுபடி ஓட்டு."

ஓட்டினாள்.

"மத்த பசங்க எந்தக் கையில தட்டினாங்க?"

பென்சில் முதலிரண்டையும் திரும்பப் பார்த்தாள். "வலது. கரடி மாதிரியே."

"இவங்க?"

பென்சில் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பழைய கண்ணாடியைக்கூட இன்னும் எடுத்து மாட்டவில்லை. வாசலில் நின்ற அத்தனை பிள்ளைகளும் இடது கையால் தட்டினார்கள்.

"போன்ல எடுத்தா சில சமயம் திரும்பி விழும் மாமா, கண்ணாடி மாதிரி."

"அதத்தான் பாத்தேன். பின்னால வாசல்ல நம்பர் பலகை இருக்கு. நம்பர் நேராத்தான் இருக்கு. திரும்பல." போன் திரையில் விரலை வைத்துக் காட்டினார். "டிவியில வலது கை. ஊரெல்லாம் வலது கை. இந்தப் பசங்களுக்கு மட்டும் இடது கைன்னு யார் சொல்லிக் கொடுத்தா?"

டிவியில் சத்தமில்லாமல் கரடி கையசைத்து விடைபெற்றுக்கொண்டிருந்தது.

பென்சில் வீடியோவை மெதுவாக நகர்த்தினாள். பிள்ளைகள் தட்டுவதற்குச் சற்று முன்னால் எல்லோரும் ஒரே பக்கமாகத் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு ஆள். சட்டை தெரிகிறது. சட்டைப் பையில் செருகிய, கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணி தெரிகிறது. ஒரு கை மேலே போகிறது. இடது கை. இரண்டு விரல் மடங்குகிறது. அதற்கு மேல் படம் வெட்டுப்பட்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. முதலாளியம்மா.

"பென்சில், என்ன ஆச்சு? அவங்க காத்துக்கிட்டிருக்காங்க. எடுக்கறோம்னு எழுதிடட்டுமா?"

"எழுதாதீங்க மேடம்."

"என்னது?"

"எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டாங்க இல்ல? அதுக்குப் பதில் கிடைச்சிடுச்சு, நான் வந்து சொல்றேன். அதுக்கு முன்னால நீங்க ஒண்ணு கேளுங்க. மூணாவது வீடியோ, பள்ளிக்கூட வாசல்ல எடுத்தது, அது எந்த ஊருன்னு கேளுங்க."

"கரடிக்கு என்ன பதில் சொல்றது?"

பென்சில் வாயைத் திறப்பதற்குள் மாமனார் அவள் முழங்கையைப் பிடித்தார்.

"போனை வைம்மா. அப்புறம் பேசிக்கலாம். இன்னொரு தடவை ஓட்டு."

ஓட்டினாள். சட்டை வந்தது. மஞ்சள் துணி வந்தது. கை மேலே போனது.

மாமனார் கிட்டக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். போனை வாங்கித் தலைக்கு மேல் தூக்கி, கீழேயிருந்து எட்டிப் பார்த்தார். பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தார். ஆயுசு பூராவும் மற்றவர்களுக்குப் பார்வை சரி செய்தவர், வெட்டுப்பட்ட படத்துக்கு வெளியே பார்க்க வழி தேடினார்.

"என்ன மாமா தேடறீங்க?"

"மூஞ்சி," என்றார் அவர். "மூஞ்சி தெரியலையேம்மா."